விதைக் கிடங்கின் நான்கு துளைகள்

துறை ஜீப் கிடங்கின் முன்னால் வந்து நின்றபோது பகல் பதினொரு மணி. வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. முதலில் இறங்கிய மேஸ்திரி இரண்டு கைகளையும் மேலே தூக்கி நெட்டி முறித்துவிட்டுக் கட்டடத்தை ஏற இறங்கப் பார்த்தார்.

“இதுக்கா மேடம் இவ்வளவு தூரம் வந்தோம்? எங்க வீட்டு மாட்டுக்கொட்டாய் இதைவிடக் கொஞ்சம் பெருசு.”

“உங்க மாட்டுக்கொட்டாயில யாரும் நாட்டுக்காகச் சாகலையே, மேஸ்திரி.”

“மாடு செத்திருக்கு.”

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரிவதில்லை.

பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் துறையில் அவள் பொறியாளர். சிமெண்ட் மூட்டையைக் கண்டால் பாம்பைக் கண்டதுபோல் ஒதுங்குவாள் என்பதால் அலுவலகத்தில் அவளுக்குச் ‘சுண்ணாம்பம்மா’ என்று பெயர். கோட்டை, மாளிகை என்று பார்த்துப் பழகிய அவளுக்கே இந்தக் கட்டடம் சற்று ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஒரே அறை. பன்னிரண்டடிக்குப் பதினாறடி. முழங்கை நீளத்துக்குத் தடித்த கல்லும் மண்ணுமான சுவர். ஊர் முழுவதற்கும் அடுத்த வருட விதையைப் பத்திரப்படுத்தக் கட்டியது. விதை கெடாமலிருக்க ஈரம் வரக்கூடாது, எலி வரக்கூடாது, வெளிச்சமும் கூடாது. அதனால் ஜன்னலே கிடையாது. உள்பக்கம் தள்ளித் திறக்கும் ஒற்றைக் கதவு, நிலையோடு நகம் நுழையாதபடி பொருந்தியிருந்தது. தாழும் பூட்டும் வெளியே மட்டும்தான். விதை உள்ளிருந்து தாழ் போட்டுக்கொள்ளப் போவதில்லையே. காற்றுக்கென்று கூரைக்குக் கீழே, சுவருக்கு ஒன்றாக நான்கு துளைகள். ஒவ்வொன்றும் கைமுஷ்டி அகலம்.

நான்கும் களிமண்ணால் அடைக்கப்பட்டிருந்தன.

கொடிக்கம்பம் ஏற்கெனவே நட்டாகிவிட்டது. கதவுக்குப் பக்கத்தில் பளபளக்கும் கருங்கல் பலகை, துணி சுற்றிச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. மேஸ்திரி துணியை விலக்கிப் படித்தார். விடுதலைப் போரில் இந்தக் கிடங்கிலிருந்து மூன்று நாட்கள் அந்நியப் படையை எதிர்த்துச் சுட்டு, கடைசித் தோட்டா தீர்ந்தபின் வீழ்ந்த ஒன்பது வீரர்களின் நினைவாக, என்றது அது. பன்னிரண்டு நாளில் திறப்பு விழா. அமைச்சர் வருகிறார்.

மேஸ்திரி பலகையையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். கட்டடத்தை ஒருமுறை சுற்றி வந்தார்.

“மூணு நாள் சண்டைங்கறாங்க. சுவத்துல ஒரு குண்டுக் காயம்கூட இல்லையே, மேடம்? ரெண்டு பக்கமும் கண்ணை மூடிக்கிட்டுச் சுட்டாங்களா?”

அவளும் அதை அப்போதே கவனித்திருந்தாள். கவனித்தது மட்டும்தான்.

“அதெல்லாம் பின்னால பூசியிருப்பாங்கம்மா” என்று ஒரு குரல் வந்தது. ஃபிளாஸ்க்கும் எவர்சில்வர் டம்ளர்களுமாக ஒரு பெரியவர் நின்றிருந்தார். நினைவுக் குழுவின் தலைவர். முப்பது வருடம் கடிதம் கொடுத்தவர் என்பதால் ஊருக்கே அவர் ‘தபால்’. இந்தக் கிடங்கை நினைவுச்சின்னமாக்கக் கோரி ஓய்வு பெற்ற நாளிலிருந்து அரசாங்கத்துக்கு மனு எழுதிக்கொண்டிருந்தாராம்.

“துளையை ஏன் அடைச்சாங்க, ஐயா?”

“எலிக்காக இருக்கும்” என்றார் தபால். டீயை ஊற்றிக் கொடுத்ததும் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். கதவுப்படியைத் தாண்டி உள்ளே ஓர் அடிகூட அவர் வைக்கவில்லை. அன்றும் சரி, பிறகும் சரி.

வேலை தொடங்கியது. உள்சுவர் ஓதம் ஏறி உதிர்ந்துகொண்டிருந்தது. அதைத் தட்டி எடுத்துவிட்டுப் புதிதாகச் சுண்ணாம்பு பூச வேண்டும். சுண்ணாம்பைப் பற்றிப் பேச யாராவது கிடைத்துவிட்டால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். மேஸ்திரிக்கு நூறாவது முறையாக விளக்கினாள். கல்லைச் சூளையில் சுடுகிறோம். சுடும்போது கல்லுக்குள் அடைந்திருந்த கரியமிலக் காற்று வெளியேறிவிடுகிறது. மிஞ்சுவதைத் தண்ணீரில் போட்டால் கொதித்துக் குழைந்து வெண்ணெய் மாதிரி ஆகிறது. அதை மணலோடு சேர்த்துப் பூசுகிறோம். பூசிய பிறகு அது இழந்த அதே கரியமிலக் காற்றை மெல்ல மெல்ல உறிஞ்சி, மறுபடி கல்லாகிறது.

“சிமெண்ட் தண்ணி குடிச்சு இறுகும், மேஸ்திரி. சுண்ணாம்பு காத்தைக் குடிச்சு இறுகும். நாம மூச்சு விடறோம் பாருங்க, அதைக்கூடக் குடிக்கும்.”

“அப்ப என் மூச்சையும் சம்பளத்துல சேத்துப் போடச் சொல்லுங்க.”

பூச்சு முடிந்த ஐந்தாம் நாள் காலை. பூச்சு எந்த அளவுக்கு இறுகியிருக்கிறது என்று பார்க்கும் நாள். அதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. பள்ளிக்கூட ஆய்வகத்தில் எல்லோரும் பார்த்திருக்கும் பினாப்தலீன் கரைசல்தான். பூச்சின் மேல்தோலைக் கம்பித் தூரிகையால் லேசாகத் தேய்த்துவிட்டுத் தெளிக்க வேண்டும். சுண்ணாம்பு பச்சையாக இருந்தால் அந்த இடம் பளிச்சென்று ரோஸ் நிறமாகும். காற்றைக் குடித்துக் கல்லாகிவிட்டிருந்தால் நிறமே மாறாது. ஐந்து நாளில் சுவர் முழுக்க ரோஸாகத்தான் வரும். வர வேண்டும்.

கதவைத் திறந்ததும் ஒரு வாடை முகத்தில் மோதியது. சுண்ணாம்பின் காரமான வாடை இல்லை அது. நெருக்கியடித்த கூட்டத்தின் வியர்வை. அதனடியில், மெல்லியதாக, புளித்த பால்.

மேஸ்திரி மூக்கைத் தேய்த்துக்கொண்டார்.

கதவுப்பக்கச் சுவரில் தெளித்தாள். ரோஸ் நிறம் பரவியது. நிலையை ஒட்டி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மட்டும் தட்டு அகலத்துக்கு ஒரு வட்டம் வெள்ளையாகவே நின்றது.

பூச்சு மெலிந்த இடமாக இருக்கும் என்று நினைத்தாள். பக்கத்தில் தெளித்தாள்.

இன்னொரு வட்டம்.

அவளுக்குக் கை நிற்கவில்லை. நான்கு சுவர்களையும் தேய்த்துத் தெளித்துக்கொண்டே போனாள். ஒரு மணி நேரத்தில் அறை முழுவதும் ரோஸாகி, நடுநடுவே வெள்ளை வட்டங்கள் தெரிந்தன. கதவிடுக்கை ஒட்டித் தரையோரமாக ஐந்து. நான்கு துளைகளுக்கும் நேர் கீழே, உயரத்தில், ஒவ்வொன்று. எட்டடி உயரம் அது. ஒருவர் தோளில் இன்னொருவர் ஏறி நின்றாலொழிய யாருடைய வாயும் அங்கே எட்டாது.

வாய்.

அந்தச் சொல் மனதில் வந்த பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. சுண்ணாம்பு இத்தனை சீக்கிரம் கல்லாக வேண்டுமென்றால் அதன்மேல் மூச்சு பட்டுக்கொண்டே இருந்திருக்க வேண்டும். சுவரோடு வாயை வைத்து. மணிக்கணக்காக.

“ஒன்பது” என்றார் மேஸ்திரி, மெதுவாக.

“இல்ல. இங்க பாருங்க.”

மூலையில், இடுப்பளவு உயரத்தில், உள்ளங்கை அகலத்தில் ஒன்று. அதற்குக் கீழே மடியில் கிடத்தினால் எந்த உயரம் வருமோ அந்த உயரத்தில் இன்னொன்று. அது ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுதான் பெரியது.

பதினொன்று.

மேஸ்திரி வெளியே போய்விட்டார். அவளும் வெளியே வந்தாள். ஆனால் அவள் ஏணியை எடுத்தாள். அடைபட்ட துளையைக் கண்டால் திறந்துவிடு என்பது அவள் தொழிலின் முதல் பாடம். சுவர் ஓதம் ஏறுவதே காற்றோட்டமில்லாமல்தான். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. மேலேறி, களிமண் அடைப்பின் ஓரங்களை உளியால் நெம்பினாள். முழு உருண்டையாகக் கையில் வந்தது. ஈரமாக இருக்கையில் அழுத்திய விரல்களின் தடம் காய்ந்து அப்படியே இருந்தது. தன் விரலை அதில் வைத்துப் பார்த்தாள்.

சுண்டுவிரல்கூட நுழையவில்லை.

அப்போது துளை மூச்சிழுத்தது.

காற்று உள்ளிருந்து வரவில்லை. வெளியிலிருந்த காற்றெல்லாம் சர்ரென்று உள்ளே போனது. நெற்றியில் விழுந்திருந்த முடி அந்த இருட்டுக்குள் இழுபட்டது. நீண்ட, நடுங்கும், நிற்கவே நிற்காத ஓர் இழுப்பு. பல பேர் ஒன்றாக இழுப்பது போல.

“அதை மூடுங்கம்மா! மூடுங்க!”

தபால் களத்தின் குறுக்கே ஓடிவந்துகொண்டிருந்தார். ஃபிளாஸ்க் எங்கோ விழுந்திருந்தது. ஏணியிலிருந்து இறங்கி, அந்த மண் உருண்டையை அவர் முன்னால் நீட்டினாள். அவர் அதைப் பார்த்தார். வழக்கம்போல் முதுகுக்குப் பின்னால் போயிருந்த கைகள் தாமாக முன்னால் வந்தன. விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டார்.

“எட்டு வயசும்மா எனக்கு.”

அவர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்.

“ஆத்துக்கு அந்தாண்டை ஊரைக் கொளுத்திட்டாங்க. அங்கிருந்து ஓடியாந்தவங்க. ஒருத்தர் கையிலயும் துப்பாக்கி இல்ல. கைக்குழந்தையோட சேத்துப் பதினொரு பேர். எங்கப்பாதான் கிடங்குக்குக் காவல். உள்ள விட்டு வெளியில பூட்டினார். நல்ல மனசோடதான் செஞ்சார், அதை மட்டும் நம்புங்க. சாயங்காலமே பட்டாளம் வந்து, இதோ இந்தக் களத்துலதான் கூடாரம் போட்டான். உள்ள குழந்தை அழுதது. ஒரே ஒரு தடவைதான். அப்பா என்னைத் தோள்ல தூக்கிவச்சு, கையில களிமண்ணைக் குடுத்தார். சத்தம் வெளிய வரக்கூடாதுன்னு. ரெண்டு மணி நேரத்துல கிளம்பிடுவாங்கன்னு நினைச்சோம்.”

“எத்தனை நாள் இருந்தாங்க?”

“மூணு நாள்.”

கொடிக்கம்பத்தின் கயிறு காற்றில் டக் டக்கென்று அடித்துக்கொண்டது.

“பட்டாளம் பத்தடி தள்ளித்தான் படுத்திருந்தான். உள்ளேயிருந்து ஒரு தட்டு தட்டியிருந்தா கதவைத் திறந்திருப்பான். காத்தாவது கிடைச்சிருக்கும். ஆனா ஒளிச்சு வச்ச குத்தத்துக்கு இந்த ஊரையும் கொளுத்தியிருப்பான். அது அவங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் தட்டல. மூணு நாளும் ஒரு சத்தம் வரலம்மா.”

“அப்புறம் இந்தக் கல்லு? வீரர்கள், தோட்டா...?”

“வெளிய என்னன்னு சொல்றது? நாங்களே அடைச்சோம்னா?” அவர் குரல் உடைந்தது. “நாங்க குடுத்த சாவு அது. அதுக்குப் பதிலா அவங்களுக்கு ஒரு நல்ல சாவை எழுதிக் குடுத்தேன். ஊருக்கு ஊர் தெரியற மாதிரி. தப்பா?”

தப்பு என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். கையில் துப்பாக்கியோடு நின்றதைவிடப் பெரிய காரியத்தை அவர்கள் இங்கே செய்திருக்கிறார்கள், அதைத்தான் நீங்கள் மறைத்துவிட்டீர்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. அதற்குள் துறை இயக்குநரின் போன் வந்துவிட்டது.

அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் பொறுமையாகவே கேட்டார்.

“இதெல்லாம் எதுக்கும்மா இப்ப கிளறிக்கிட்டு? அமைச்சர் தேதி குடுத்தாச்சு. பதவி உயர்வுப் பட்டியல் அடுத்த மாசம் வருது, உங்க பேரு மேலதான் இருக்கு. துளையை இருந்தபடியே அடைங்க. ‘எலித் தடுப்புக்காக அடைக்கப்பட்டது’ன்னு அறிக்கையில ஒரு வரி போடுங்க. நீங்க சுண்ணாம்பை மட்டும் பாருங்க.”

அவள் சுண்ணாம்பை மட்டும் பார்த்தாள். மேஸ்திரி அந்த வேலையைச் செய்ய மறுத்துவிட்டார். “அடிச்சுப் போட்டாலும் மாட்டேன், மேடம்” என்று பூச்சுக் கரணையைக் கீழே வைத்துவிட்டார். அவளே ஏணியில் ஏறி, அந்த மண் உருண்டையைத் துளைக்குள் வைத்து, சுற்றிலும் சுண்ணாம்பைக் கையால் அழுத்தினாள். கடைசி இடுக்கு அடைபடும்வரை உள்ளே அந்த இழுப்பு கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது. இறங்கி, ஜீப்பின் பானட்டில் காகிதத்தை வைத்து எலித் தடுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

விழாவுக்கு முந்தின நாள் பிற்பகல், கடைசியாகப் பார்வையிட அவள் தனியாகக் கிடங்குக்குள் போனாள். சோதனையின் ரோஸ் நிறத்தை மூடி வெள்ளை அடித்தாகிவிட்டது. சுவர்கள் பால் போல இருந்தன. வெளியே களத்தில் அணிவகுப்பு ஒத்திகை. நூறு பூட்ஸ் கால்கள் ஒரே தாளத்தில் மண்ணை மிதித்தன.

கதவு மூடிக்கொண்டது.

காற்றுதான் என்று எண்ணிக் கைகளால் துழாவினாள். இருட்டு கெட்டியாக இருந்தது. வெப்பம் ஏறியது. சட்டையில்லாத ஒரு தோள் அவள் தோளில் உரசியது. அந்தப் பக்கமும் ஒன்று. இடுப்பருகே சின்னதாக ஒரு தலை. எங்கும் ஈரமான, அடக்கிய, சின்னச் சின்ன மூச்சு.

அவள் அலற வாயைத் திறந்தாள்.

ஓர் உள்ளங்கை வந்து அவள் வாயைப் பொத்தியது.

காய்ப்புக் காய்த்த கை. பெண்ணின் கை. அதில் கோபமில்லை. அழும் பிள்ளையைப் பொத்துவது போல, கெஞ்சுவது போல, மென்மையாகத்தான் பொத்தியது. வெளியே பூட்ஸ் சத்தம் நெருங்கியபோது மட்டும் அந்தக் கை இறுகியது. சத்தம் விலகியபோது தளர்ந்தது. மீண்டும் நெருங்கியது. மீண்டும் இறுகியது.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அவர்கள் யாரையும் பயமுறுத்தவில்லை. பயந்துபோயிருந்தார்கள். பட்டாளம் போய்விட்டது, வெளியே வாருங்கள் என்று அறுபது வருடமாக யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

ஒரே ஒரு வாக்கியம். அவள் சொல்லியிருக்கலாம். வாயிலிருந்து கை தளர்ந்த நேரங்களில் சொல்லியிருக்கலாம். ஆனால் எந்த முகத்தோடு சொல்வது? துளையை அடைத்த விரலிடுக்கில் இன்னும் சுண்ணாம்பு காய்ந்திருந்தது.

கதவு தடாலென்று திறந்து மேஸ்திரி உள்ளே வந்து விழுந்தார்.

“என்ன மேடம், எவ்வளவு நேரமா தள்ளறேன்? உள்ள தாழ் போட்டுக்கிட்டு என்ன பண்றீங்க?”

“உள்பக்கம் தாழே இல்லையே, மேஸ்திரி” என்றாள் அவள்.

மறுநாள் விழா சிறப்பாக நடந்தது. பந்தல், வாத்தியம், பள்ளிப் பிள்ளைகளின் கையில் கொடி. அமைச்சர் கல்லைத் திறந்துவைத்தார். கட்டடத்தைக் காப்பாற்றிய பொறியாளர் இரண்டு வார்த்தை பேசுவார் என்று ஒலிபெருக்கி அவளை அழைத்தது. மைக்கின் முன்னால் நின்றாள். முதல் வரிசையில் தபால், கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்து, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் இயக்குநர் புன்னகைத்தார். தூரத்தில் மேஸ்திரி ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றார்.

“சுண்ணாம்பு நல்லா இறுகியிருக்கு” என்றாள். “இன்னும் நூறு வருஷத்துக்குத் தாங்கும்.”

கைத்தட்டல் எழுந்தது. அவள் தலையைக் குனிந்தபடி இறங்கினாள்.

பிறகு மரியாதைக் குண்டு முழக்கம். இருபது வீரர்கள் கிடங்கின் முன்னால் வரிசையாக வந்து நின்றார்கள். துப்பாக்கிகள் ஒன்றாக உயர்ந்தன. முதல் வேட்டு வெடித்தது.

பூட்டிய கிடங்குக்குள் ஒரு குழந்தை வீரிட்டது.

பாதியில் நின்றது.

ஒரு கணம் பந்தலில் இலைகூட அசையவில்லை. எல்லோருக்கும் கேட்டது. அமைச்சருக்குக் கேட்டது. வாத்தியக்காரர்களுக்குக் கேட்டது. ஊரின் வயதான முகங்கள் ஒவ்வொன்றாகத் தரையைப் பார்த்தன. தபால் இரண்டு கைகளாலும் காதுகளைப் பொத்திக்கொண்டார். பிறகு யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். அவசர அவசரமாக எல்லோரும் தட்டினார்கள். அந்தச் சத்தத்துக்குள்ளே இரண்டாவது வேட்டு வெடித்தது.

மாலை நான்கு மணிக்குப் பந்தலைப் பிரித்துவிட்டார்கள். கார்கள் போய்விட்டன. மேஸ்திரி ஜீப்பை உறுமவிட்டுக் காத்திருந்தார். அவள் மட்டும் திரும்பி நடந்து, கிடங்கின் கதவுக்கு வந்தாள். சாவி இன்னும் அவளிடம்தான் இருந்தது. பூட்டைத் திறந்து, தாழை விலக்கி, கதவைத் தள்ளினாள்.

அசையவில்லை.

தோளைக் கொடுத்துத் தள்ளினாள். மரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து பல தோள்கள் எதிர்த்துத் தள்ளின.

நிலையும் கதவும் சேரும் இடுக்கில் வாயை வைத்தாள். அவளுக்கு அழுகை வந்தது.

“போயிட்டாங்க” என்று மெல்லச் சொன்னாள். “எப்பவோ போயிட்டாங்கம்மா. மன்னிச்சுக்குங்க. இனிமே யாரும் வரமாட்டாங்க. வெளிய வாங்க.”

அவள் மூச்சு மட்டும் மரத்தில் பட்டுத் திரும்பியது.

அப்போது அவளுக்குப் பின்னால் மண் நெரிந்தது. திரும்பினாள். விறைப்பான சீருடையில், துப்பாக்கி ஏந்திய இரண்டு வீரர்கள். நினைவுச்சின்னத்துக்கு அரசு தந்த நிரந்தரக் காவல். இரவு பகல் என்று முறை வைத்து, இனி என்றென்றைக்கும். ஒருவன் அவளுக்கு சல்யூட் வைத்துவிட்டு, சுவரோரமாக நடக்கத் தொடங்கினான். பளபளக்கும் பூட்ஸ். டக். டக். டக்.

இடுக்கின் அந்தப் பக்கத்திலிருந்து, அவள் காதுக்கு ஒரு விரற்கடை தூரத்தில், சூடாக ஒரு மூச்சு பட்டது.

“உஷ்...”